இடது பக்கப் பூட்டு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
பர்கூர் ஸ்டேஷனில் என் மேஜைக்கு முன்னால்
துப்பாக்கிகள் வரிசையில் நிற்கும்,
கூடவே அவற்றின் ஆட்களும்.

பதிவேட்டில் எட்டுக் கட்டம்:
பெயர், உரிம எண், ரகம், தோட்டா எத்தனை,
தயாரித்த நாடு...
அபிப்பிராயத்துக்குக் கட்டம் கிடையாது.
சொல்லாமல் ஒருவரும் போனதும் கிடையாது.

கிரானைட் முனிரத்தினம்
தோலுறையைப் பிரிக்கும்போதே ஆரம்பித்தார்:
"ரைட்டரம்மா, இது செக்கோஸ்லோவாக்கியா சரக்கு.
அந்த நாடே ரெண்டா உடைஞ்சு போச்சு,
இதுல ஒரு ஸ்க்ரூ கழலல."
கட்டத்துக்குள் அடங்காத நாட்டை
நான் இரண்டு வரியாக மடக்கி எழுதினேன்.

கைப்பிடிக்கு ஈட்டி மரம் போட்டிருந்தார்.
ஓசூர் டூல்ரூம் பையன் ஒருவன் இழைத்தது,
ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம்.
"மெழுகில் என் கையை அமுக்கி அளவெடுத்தான்.
வேற எவன் பிடிச்சாலும் கோணும்."

"மரம் வேர்வை குடிக்கும்ணே"
என்றார் மாங்கூழ் ஆலை சனாவுல்லா,
தன்னுடையதை லுங்கித் துணியில் துடைத்தபடி.
"வந்த பிடியே போதும். குறை விசையில்தான்.
முதல் இழுப்பு, கிணத்துல இருந்து
நிறைஞ்ச வாளி தூக்குற மாதிரி.
ரெண்டாவது,
அறுந்த கயிறு."

பல் டாக்டர் வசுந்தரா மட்டும்
ரைஃபிள் கிளப் அட்டையும் கொண்டு வந்திருந்தார்.
முன்குறி முனையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு,
பவளச் சிவப்பு.
"நான் செஞ்சது இவ்வளவுதான்.
மத்ததெல்லாம் ஆம்பளைங்க நகை."

முனிரத்தினம் சிரிக்கவில்லை.
"போன வருஷம் எத்தனை ரவுண்டு சுட்டீங்க?"
டாக்டர் கேட்டார், சும்மாதான்.
வெளியே கல் லாரி ஒன்று
கியர் மாற்றி மேடேறும்வரை பதில் இல்லை.
"ஆயுத பூஜைக்கு எடுப்பேன்" என்றார்.
பார்த்தேன்.
மோதிர விரல் பள்ளத்தில்
காய்ந்த குங்குமம்.

வரிசைக் கடைசியில் திம்மராயன்,
ஆளுயர நாட்டுத் துப்பாக்கி,
அடிக்கட்டையில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.
பிடி, விசை, குறி எல்லாம் கேட்டு முடித்து
என்னிடம் ஒன்று கேட்டான்:
"எண்ணி முடிக்க எத்தனை நாள் ஆகும்?
பன்னிக்கு யாரும் தேதி சொல்லலீங்க.
கடலை காய் பிடிச்சிருக்கு."
ரசீதை நாலாக மடித்து
பீடிக்கட்டோடு வைத்துக்கொண்டு போனான்.

மத்தியானம்.
இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து கூட்டத்துக்குப் போயிருந்தார்.
சீட்டுக் கட்டி, சுவரைப் பார்க்க வைத்து,
தோட்டா அறை காலிதானா என்று
மூன்றாம் முறையும் பார்த்த பிறகு
முனிரத்தினத்தினுடையதை எடுத்தேன்.
என் கையில் அது அந்நியர் வீட்டுச் செருப்பு.
பள்ளங்கள் தப்பான பக்கம் விரலைக் கடித்தன.
பூட்டு எங்கோ அந்தப்புறம் இருந்தது,
கட்டைவிரல் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

நான் இடதுகைக்காரி.
இடுப்பு உறை வலது பக்கம்,
கவாத்தில் சல்யூட் வலது கை,
கத்தரிக்கோல், டீ கிளாஸ் நீட்டும் கை,
"பீச்சாங்கைல எழுதாதே" என்ற இரண்டாம் வகுப்பு டீச்சர்,
எல்லோரும் ஒரே பக்கம்.
சர்வீஸ் பதினாறு வருஷம்.

டாக்டருடையது செக்தான், பிந்திய மாடல்.
எடுத்தேன்.
இடது கட்டைவிரல் தானாகப் போய் நின்ற இடத்தில்
ஒரு பூட்டு இருந்தது.
அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.
யாரும் எதையும் மாற்றவில்லை,
இழைக்கவில்லை, அளவெடுக்கவில்லை.
பெயர் வாயில் நுழையாத ஏதோ ஊரில்
வரைபலகை முன் உட்கார்ந்த ஒருவன்
ஒரு நிமிஷம்
இந்தக் கையையும் நினைத்திருக்கிறான்.

வைத்துவிட்டேன்.
ஒரு நிமிஷத்துக்கு மேல் வைத்திருந்தேன் என்பதற்கும்
பதிவேட்டில் கட்டம் இல்லை.

டாக்டரின் வரியை நிரப்பும்போது
எப்போதும்போல் உள்ளங்கை ஓரம்
ஈர மையில் படிந்து இழுத்துவிட்டது.
கடைசி எண் ஒன்றா ஏழா தெரியவில்லை.

அரக்கு இன்னும் சூடு ஆறவில்லை.
உறையை மறுபடி பிரிக்க வேண்டும்.